சைக்கிளில் போகும் பாவைப்பிள்ளை

வலக்கையால் இரண்டு பின்னல்களையும் சேர்த்துப் பிடித்து, பாவையைத் தலைக்கு மேலே தூக்கிச் சுழற்றுகிறார் உதயகலா. வெள்ளைச் சட்டை காற்றில் விரிகிறது. கால்கள் இரண்டும் திருவிழா இராட்டினத்தில் ஏறிய பிள்ளையின் கால்களைப் போலப் பறக்கின்றன. பிறகு நிறுத்தி, பின்னலின் அடியில் நகத்தை விட்டுப் பார்க்கிறார். நூல் இளகவில்லை. சட்டையை இழுத்துச் சுருக்கம் நீக்கி, பாவையைப் பக்கத்து மேசையில் நிறுத்திவிட்டு அடுத்ததன் பின்னலைப் பிடிக்கிறார்.

புதிதாக வந்தவர்கள் இதைக் கண்டு முகம் சுளிப்பதுண்டு. பாவை வாங்க வந்த ஒரு தாய், தன் மகளின் கண்களையே பொத்திவிட்டாராம். உதயகலா கைவேலையை நிறுத்தவில்லை. "நான் இழுக்கிறது ஒரு தரம். உங்கடை மகள் இழுக்கப்போறது வருசக்கணக்கிலை. என்ரை கைக்குத் தப்பினவள்தான் அவளின்ரை கைக்குப் போகலாம்" என்றார்.

அந்தக் கைக்குத் தப்பிய பாவைகள் இன்று யாழ்ப்பாணத்தில் வளையலும் விளையாட்டுச் சாமானும் விற்கும் பான்சிக் கடைகள் பலவற்றில் நிற்கின்றன. நிற்கின்றன என்பதைச் சற்று அழுத்தியே சொல்ல வேண்டும். மற்றப் பாவைகளைக் கடைக்காரர் சுவரில் சாய்த்து வைப்பார், அல்லது கழுத்தில் கயிறு போட்டு வாசலில் தொங்கவிடுவார். இவள் எந்தப் பிடியும் இல்லாமல் தன் கால்களில் நிற்பாள். ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைந்த உயரம். வெயிலில் விளையாடிவிட்டு வந்த பிள்ளையின் நிறம். வெள்ளைச் சீருடை, கழுத்துப்பட்டி, மடித்துக் கட்டிய இரட்டைப் பின்னல், வெள்ளைக் காலுறை, கறுப்புச் சப்பாத்து. பக்கத்தில், சக்கரக் கம்பியை வளைத்துச் செய்த ஒரு லேடீஸ் சைக்கிள். பின்னால் புத்தகம் வைக்கக் கரியர் உண்டு. முன்னால் கூடையும் உண்டு.

இவள் சிரிக்க மாட்டாள். வாய் ஒரு நேர்கோடு. கண்ணும் வாயும் தைக்கிற தேவமலர் உடுவில் பக்கத்து ஆள். தேவாலயத்து மேசை விரிப்புகளுக்குப் பூப்போட்டுப் பழகிய கை. சிரிக்க வைத்தால் இன்னும் வடிவாக இருக்குமே என்று அவரும் ஒன்றிரண்டு தடவை கேட்டுப் பார்த்திருக்கிறார். உதயகலா சம்மதிக்கவில்லை. "மணி அடிக்கப் போகுது எண்டு பறக்கிறவள். உவளுக்கு ஆரைப் பாத்துச் சிரிக்க நேரம்?" என்று கேட்டு அந்தப் பேச்சை முடித்துவிட்டார்.

உதயகலாவுக்கு நாற்பத்தேழு வயது. மெலிந்த உடம்பு, உரத்த குரல். ஊசி பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போன விரல் நுனிகள். பஸ்ஸில் ஏறினால் முன்னால் இருக்கும் பள்ளிப் பிள்ளையின் வகிட்டையே பார்த்துக்கொண்டு வருவார். வகிடு கோணல் என்றால் அவருக்குக் கை துறுதுறுக்கும். துணிக் கடையில் பாவையின் உடம்புக்குத் துணி எடுக்கும்போது, முழங்கை வரை சட்டையை உயர்த்தி, தன் முன்கையைத் துணியோடு சேர்த்து வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பிடித்துப் பார்ப்பார். ஒரு கடைக்காரர் வெளிர்ச் சிவப்புத் துணியொன்றை எடுத்துப் போட்டு, இதுதான் அக்கா ஸ்கின் கலர் என்றார். உதயகலா அந்தத் துணியையும் பார்த்தார், கடைக்காரரையும் பார்த்தார். "ஆரின்ரை ஸ்கின், தம்பி?" என்று அமைதியாகக் கேட்டார். கடைக்காரர் தன் கையைப் பார்த்துவிட்டுத் துணியை மடித்து வைத்தார்.

பாவையின் வரலாற்றைக் கேட்டால் உதயகலா கால்களிலிருந்துதான் தொடங்குவார்.

போர் முடிந்து இரண்டு வருடம் கழிந்த ஆவணி மாதம். கணவர் கேதீஸ்வரனின் தமக்கை டென்மார்க்கிலிருந்து வந்தவர், உதயகலாவின் ஆறு வயது மகள் சாருஜாவுக்கு ஒரு பாவை கொண்டுவந்தார். பொன்னிறத் தலைமயிர், கைக்குள் அடங்கும் இடுப்பு, மினுங்கும் உடுப்பு. ஊர்ப் பிள்ளைகளெல்லாம் பார்க்க வந்தார்கள். சாருஜா உடுப்பு மாற்றி விளையாடவில்லை. கேதீஸ்வரன் சண்டிலிப்பாய்ச் சந்தியில் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருப்பவர். உடைந்த சக்கரக் கம்பிகளை வளைத்து மகளுக்கென்று சின்னச் சைக்கிளொன்று செய்து கொடுத்திருந்தார். அந்தச் சைக்கிளில் இந்தப் பாவையை ஏற்றி, நெல்லியடியில் இருக்கும் பெரியம்மா வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்பதே பிள்ளையின் திட்டம். பாவை ஏறவில்லை. முழங்கால் மடியவில்லை. மடித்து ஏற்றினாலும் பாதம் மிதியில் படியவில்லை. இறக்கி நிலத்தில் நிறுத்தினால் முகங்குப்புற விழுந்தது. அதன் பாதங்கள் எந்நேரமும் நுனிக்காலில் நிற்பது போலவே வார்க்கப்பட்டிருந்தன. அது குதியுயர்ந்த சப்பாத்துப் போடுகிற கால் என்று டென்மார்க் மாமி விளங்கப்படுத்தினார். பிள்ளை சமாதானமாகவில்லை, அன்று பொழுதுபட்ட பிறகும் அழுகை நிற்கவில்லை.

"வடிவான பிள்ளைதான். அதிலை குறை சொல்லேலாது" என்பார் உதயகலா. "ஆனால் ஆராவது பிடிச்சுக்கொண்டே இருக்கவேணும். விட்டால் விழுந்திடுவாள். எனக்கு அதுதான் பிடிக்கேல்லை."

அப்போது அவர் பள்ளிச் சீருடைகள் தைத்துக்கொண்டிருந்தார். வெட்டி மிஞ்சிய வெள்ளைத் துணி, உள்துணி, பழைய தலையணைப் பஞ்சு. முதலில் தைத்தது ஒரு சோடிப் பாதம். உடம்பு இல்லாத பாதம் இரண்டு மேசையில் கிடந்ததைப் பார்த்துக் கேதீஸ்வரன் பயந்தே போனாராம். அகலமான, தட்டையான பாதம். குதிக்கால் நிலத்தில் முழுதாகப் பட வேண்டும். பாரத்துக்கு உள்ளே புளியங்கொட்டை. அதற்கு மேலேதான் கால், உடம்பு, தலை எல்லாம் வளர்ந்தன. தலை தைத்து முடிந்ததும் நிலத்தில் வைத்துக் கையை எடுத்தார். பாவை நின்றது. சாருஜா அதைச் சுற்றி ஒரு தரம் நடந்து பார்த்துவிட்டு, இது நான் என்றாள்.

புளியங்கொட்டை மாரி வந்ததும் காலை வாரியது. ஈரத்தில் வண்டு அரித்து, பாவைகளின் பாதம் ஓட்டையானது. கேதீஸ்வரன் தன் கடையிலிருந்து சைக்கிள் அச்சுக்குள் போடும் இரும்புக் குண்டுகளைக் கொண்டுவந்து கொடுத்தார். அவற்றைத் தடித்த துணிக்குள் வைத்து, மூன்று பக்கமும் இரட்டைத் தையல் போட்டு, குழந்தைகளின் வாய்க்குப் போகாதபடி பாதத்துக்குள் பூட்டினார் உதயகலா. இன்றுவரை அதே ஏற்பாடுதான்.

விற்பனை அவ்வளவு சுலபமாக ஒத்துவரவில்லை. தன் தகப்பனார் சீவரத்தினம் புகையிலைக்குப் புகைபோட்ட பழைய கொட்டில்தான் வேலைத்தலம். முதல் தொகுதிப் பாவைகளை அங்கே தைத்து அடுக்கி, பஸ்ஸில் நெல்லியடிக்குக் கொண்டுபோனார். அங்கே பான்சிக் கடை வைத்திருக்கும் செபநாயகம் ஒன்றை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். நல்ல மனிதர், ஆனால் வியாபாரத்தில் தனக்கென்று சில முடிவுகள் வைத்திருப்பவர்.

"தங்கச்சி, பாவைப்பிள்ளை எண்டால் பிள்ளை. தூக்கி வைச்சு ஆட்ட, பால் குடுக்க, நித்திரையாக்க. உங்கடை ஆள் தானே பள்ளிக்கூடம் போறா, தானே சைக்கிள் ஓடுறா. பிறகு வாங்கிற பிள்ளைக்கு என்ன வேலை?"

"அவளும் கூடப் போகட்டும், அண்ணை."

செபநாயகம் பாவைகளை வாங்கி வைத்தார். ஒரு கிழமையில் எல்லாவற்றையும் திருப்பி அனுப்பினார். சைக்கிள் ஓடுவது பரவாயில்லை, உங்கள் ஆளிடம் சுருட்டு மணக்கிறது என்று ஆட்களிடம் சொல்லிவிட்டிருந்தார். உண்மைதான். கொட்டிலின் சுவரில் ஊறியிருந்த புகையிலை மணம் பஞ்சிலும் ஏறியிருந்தது. உதயகலா அழவில்லை என்கிறார். அழுதார் என்கிறார் கேதீஸ்வரன். எப்படியோ, மறுநாள் கொட்டிலின் சுவரைச் சுரண்டி, சுண்ணாம்பு அடித்து, கூரையைப் பிரித்துப் புதிதாக வேய்ந்தார்கள். பாவைகளின் தையலைப் பிரித்துப் பஞ்சை வெயிலில் காயப்போட்டார்கள். தோட்டவெளி முழுக்கத் தலையும் உடம்பும் வேறு வேறாகக் காய்ந்ததைப் பார்த்து வழியால் போனவர்கள் நின்று போனார்கள். இரண்டாம் தடவை செபநாயகம் பாவையை மூக்கருகே கொண்டுபோய் மணந்து பார்த்துவிட்டு வாங்கினார். அந்தத் தைப்பொங்கலுக்கு முன்பே எல்லாம் விற்று முடிந்துவிட்டன. கடை வாசற்படியில் குந்தியிருந்து, இந்தப் பாவை இல்லாமல் எழும்ப மாட்டேன் என்று அடம்பிடித்த ஒரு சிறுமியைப் பற்றி அவர் இப்போதும் சொல்வார்.

பெட்டி அச்சடிக்க வேண்டிய காலம் வந்தபோது பெயர் தேட வேண்டியிருக்கவில்லை. இது நான் என்று பிள்ளை முன்னமே சொல்லிவிட்டாள். நீலப் பெட்டியில் வெள்ளை எழுத்தில் "சாருஜா" என்று அச்சிட்டார்கள்.

சாருஜா வளர்ந்தாள், பாவையும் வளர்ந்தது. பாவை தாதியாக வெள்ளைத் தொப்பி போட்டாள். தொண்டைமானாற்று மீன்காரியாகக் கரியரில் கூடை வைத்துக்கொண்டாள். கனடாவிலிருந்து கலியாணப் பொம்பிளைப் பாவை கேட்டார்கள். உதயகலாவுக்கு அது அவ்வளவு பிடிக்கவில்லை. ஆனாலும் குறைவைக்காமல் செய்தார். கூறைச்சீலை, நெற்றிப்பட்டம், ஒட்டியாணம், எல்லாம் ஒழுங்காக இருந்தன. பெட்டியை மூடும்போது பக்கத்தில் ஒரு சைக்கிளையும் வைத்தார். கூறைச்சீலையோடு சைக்கிள் எதற்கு என்று கேட்டவர்களுக்கு அவர் சொன்ன பதில்: "எங்கை கலியாணம் கட்டிப் போனாலும் திரும்பி வர ஒண்டு வேணும்தானே." இன்றைக்கும் கனடாவுக்கு அதிகம் போவது அந்தப் பொம்பிளைதான். சைக்கிள் இல்லாமல் ஒரு பெட்டியும் போனதில்லை.

கொட்டில் போதாமல் போய், பக்கத்தில் தகரக் கூரையோடு ஒரு மண்டபம் எழுந்தது. வலிகாமத்துப் பெண்கள் பலர் அங்கே வேலைக்கு வந்தார்கள். தென்மராட்சியிலிருந்து பஸ் ஏறி வந்தவர்களும் உண்டு. இதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லும்போது உதயகலா குரலைத் தணித்துக்கொள்வார்.

கொரோனா ஓய்ந்து பள்ளிக்கூடங்கள் திறந்த நேரம். சாருஜாவுக்குப் பதினாறு வயது. கொழும்பில் பல கடைகள் வைத்திருந்த ஒரு நிறுவனம், சாருஜா பாவைகளைத் தன் எல்லாக் கடைகளிலும் வைப்பதற்குக் கேட்டிருந்தது. அதற்கு முன் கிடைத்திராத பெரிய வேலை. புதுப் பெட்டிகள் அச்சாகி வந்து மண்டபத்தில் கூரை முட்ட அடுக்கிக் கிடந்தன. அன்று பின்னேரம் ரியூசன் வகுப்பு முடிந்து வந்த சாருஜா, சைக்கிளை ஓட்டி வராமல் உருட்டிக்கொண்டு வந்தாள். சைக்கிளின் கைபிடியில் ஒரு பாவை தொங்கியது. யாரோ பெடியன்கள், தலைநாடாவால் கழுத்தில் சுருக்குப் போட்டுக் கட்டியிருந்தார்கள். முகத்தில் மையால் மீசை கீறியிருந்தது.

அது முதல் தடவை அல்ல என்று பிறகுதான் தெரிய வந்தது. பெட்டியில் இருப்பவளைப் போலப் பேசாமல் நில் என்பார்களாம். வகுப்பில் பெயர் கூப்பிட்டால் பின்வரிசையிலிருந்து சைக்கிள் மணிச் சத்தம் எழுப்புவார்களாம். கொரோனாவுக்கு முன்பிருந்தே நடந்ததைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்திருக்கிறாள்.

சாருஜா பாவையை அவிழ்த்து, தாயார் துணி வெட்டிக்கொண்டிருந்த மேசையில் வைத்தாள்.

"அம்மா, என்ரை பேரைத் திருப்பித் தாங்கோ."

உதயகலாவுக்கு முதலில் கோபம்தான் வந்தது. பெடியன்கள் மேல் வந்த கோபம் பாதி வழியில் மகள் பக்கம் திரும்பியது. விசர்ப் பெடியள் சொல்வதற்காக யாராவது பெயரை மாற்றுவார்களா என்று கேட்டார். இந்தப் பெயர் கடல் தாண்டிப் போயிருக்கிறது, இத்தனை பெண்களுக்கு வேலை கொடுத்திருக்கிறது, உன்னைப் படிப்பிக்கிறது என்றெல்லாம் சொன்னார். சாருஜா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள். அழவில்லை.

"அது அவளின்ரை பேராய்ப் போச்சு, அம்மா. என்னைக் கூப்பிட்டாலும் எல்லாரும் அவளைத்தான் பாக்கினம்."

அவ்வளவுதான் சொன்னாள். உள்ளே போய்ச் சீருடையை மாற்றிக்கொண்டு படிக்க உட்கார்ந்துவிட்டாள். அவள் அழுதிருந்தால் தேற்றியிருப்பேன், அழாததுதான் என்னைப் போட்டு உலுப்பியது என்கிறார் உதயகலா.

அடுத்து வந்த நாட்களில் வேலை நடந்தது. ஆனால் ஒவ்வொரு பெட்டியை மூடும்போதும் அந்த வெள்ளை எழுத்துகள் அவர் கண்ணில் குத்தின. பிறந்த பிள்ளைக்குக் கோயிலில் வைத்துத் தெரிந்தெடுத்த பெயர். அதை இன்னொருத்திக்குக் கொடுத்தபோது, இரண்டு பேருக்கும் போதுமான பெயர் என்றுதான் நினைத்திருந்தார். கணவரிடம் கேட்டார். கேதீஸ்வரன் அதிகம் கதைக்கிற மனிதர் அல்ல. கோணிய சக்கரமொன்றைச் சுழலவிட்டுக் கம்பிகளை முறுக்கிக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்காமல் சொன்னார்: "அவள் தாங்கோ எண்டு கேக்கேல்லை. திருப்பித் தாங்கோ எண்டு கேக்கிறாள்."

உதயகலா அப்படியே எழுந்து வந்து கொழும்புக்குத் தொலைபேசி எடுத்து, பாவையின் பெயர் மாறுகிறது என்றார். அந்த நிறுவனத்து மனிதர் மரியாதையாகத்தான் கதைத்தார். பெயர்தான் அம்மா பாதிச் சாமான், பெயரை மாற்றினால் எங்களுக்கு இது புதுப் பாவை, புதுப் பாவை எங்களுக்குத் தேவையில்லை என்றார். உதயகலா சரி என்று சொல்லிவிட்டு வைத்தார். இந்த வேலையை நம்பியிருந்த பெண்கள் மண்டபத்தில் தைத்துக்கொண்டிருந்தார்கள். இன்னொருவர் வாயால் அவர்களுக்குத் தெரியக் கூடாது என்று தானே போய்ச் சொன்னார், காரணத்தையும் மறைக்கவில்லை. தேவமலர் ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு, அப்படியானால் இவளுக்கு என்ன பெயர் என்று கேட்டார்.

ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். அம்மன் பெயர்கள் வந்தன, நடிகைகளின் பெயர்கள் வந்தன, புதுசாகக் கேட்டிராத வடமொழிப் பெயர்களும் வந்தன. உதயகலா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, கேட்டவர்களை விடத் தானே அதிகம் ஆச்சரியப்பட்டவராய்ச் சொன்னார்: "என்ரை பேர் ஒண்டு இருக்குத்தானே."

அந்தப் பெயர் அதுவரை எந்தப் பலகையிலும் ஏறியதில்லை. சந்தியில் இருப்பது கேதீஸ் சைக்கிள் கடை. வீடு இன்றும் சீவரத்தினத்தார் வீடு. பள்ளிக்கூடத்துக்குப் போனால் அவர் சாருஜாவின் அம்மா. தாயார் இறந்த பிறகு அவரை முழுப் பெயர் சொல்லிக் கூப்பிட ஊரில் ஒருவரும் மிஞ்சவில்லை.

அச்சிட்ட பெட்டிகளையெல்லாம் பிரித்து, உட்பக்கம் வெளியே வரும்படி திருப்பி மடித்து ஒட்டினார்கள். நீலம் உள்ளே போய், வெறும் மண்ணிற அட்டை வெளியே வந்தது. பெயர் குத்துவதற்குக் கேதீஸ்வரன் பழைய சைக்கிள் ரயரிலிருந்து எழுத்துகளைச் செதுக்கி மரக்கட்டையில் ஒட்டினார். முதல் குத்தில் எழுத்தெல்லாம் இடம் வலமாய் மாறி விழுந்தன. கண்ணாடியில் தெரிவது போலத் திருப்பி வெட்ட வேண்டும் என்பதை மனிதர் மறந்துவிட்டார். அந்தக் கிழமையிலேயே முதல் முறையாக மண்டபத்தில் சிரிப்புச் சத்தம் கேட்டது. சாருஜாவும் வந்து பார்த்துச் சிரித்தாள். பிறகு அவளே எழுத்துகளைத் திருப்பிக் கீறித் தகப்பனுக்கு வெட்டக் கொடுத்தாள்.

செபநாயகத்துக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. உதயகலா என்பது அம்மாமாரின் பெயரல்லவா தங்கச்சி, சின்னப் பிள்ளைகள் கேட்பார்களா என்றார்.

"அப்பிடியெண்டால் அம்மாவும் ஒருக்காச் சைக்கிளிலை போகட்டும், அண்ணை."

சொல்வதற்கு நன்றாகத்தான் இருந்தது. பாவைகள் விற்கவில்லை. கடைக்கு வந்தவர்கள் சாருஜா இல்லையா என்று கேட்டு, அட்டைப் பெட்டியைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். மண்டபத்தில் சில நாட்கள் வேலை இருந்தது, பல நாட்கள் இல்லை. கண் தைக்க முகம் இல்லாமல் தேவமலர் வெறுமனே வந்து உட்கார்ந்துவிட்டுப் போனார். உதயகலா மறுபடியும் சீருடை தைக்கத் தொடங்கினார். பெயரைத் திருப்பிக் கொடுத்தது சரி என்பதில் அவருக்குச் சந்தேகம் வரவில்லை. தன் பெயரை வைத்ததுதான் கொழுப்போ என்று அந்த நாட்களில் நினைத்ததுண்டாம்.

பிறகு நாட்டில் எண்ணெய் இல்லாமல் போனது. இரண்டாயிரத்து இருபத்திரண்டு. பெற்றோல் நிலையங்களின் வரிசைகள் வீதியைச் சுற்றி வளைந்து கிடந்தன. ஸ்கூட்டிகளைத் துணி போட்டு மூடிவிட்டு, ஊர் முழுதும் பழைய சைக்கிள்களைத் தூசி தட்டி இறக்கியது. கேதீஸ்வரனின் கடையில் நிற்க இடமில்லை. ஆசிரியைகள், கச்சேரி அலுவலகத்தில் வேலை செய்கிறவர்கள், பிள்ளைகளைப் பெற்ற பிறகு சைக்கிளைத் தொட்டேயிராதவர்கள் எல்லோரும் சீலையைச் செருகிக்கொண்டு மிதித்தார்கள். முதல் நாள் தடுமாறினார்கள். பிறகு கையை விட்டுக்கூட ஓட்டினார்கள். யாழ்ப்பாணத்து வீதிகளில் அத்தனை அம்மாமாரை அப்படிப் பார்த்து எவ்வளவோ காலம் ஆகியிருந்தது.

ஒரு நாள் வங்கி உத்தியோகத்தர் ஒருவர், வியர்த்து ஒழுகச் சைக்கிளிலிருந்து இறங்கி, நெல்லியடியில் செபநாயகத்தின் கடை வாசலில் மூச்சு வாங்கினாராம். கண்ணாடிக்குள் நின்ற பாவையையும் அதன் சைக்கிளையும் பார்த்திருக்கிறார். பெட்டியில் இருந்த பெயரை வாய்விட்டு வாசித்திருக்கிறார். வீட்டில் சின்னப் பிள்ளை யாராவது இருக்கிறார்களா என்று செபநாயகம் கேட்டதற்கு, இது எனக்கு என்று சொல்லி வாங்கிக்கொண்டு போய்த் தன் வங்கி மேசையில் வைத்தாராம். அடுத்த நாள் அதே வங்கியிலிருந்து இன்னும் இருவர் வந்தார்கள். அம்மாமார் தங்களுக்கு ஒன்று, மகளுக்கு ஒன்று என்று வாங்கத் தொடங்கினார்கள். செபநாயகம் தொலைபேசியில் சொன்ன செய்தியை உதயகலா அவர் குரலிலேயே சொல்லிக் காட்டுவார்: "தங்கச்சி, உங்கடை பேருள்ள ஆக்கள் முழுப்பேரும் ரோட்டிலை நிக்கினம். கெதியா அனுப்புங்கோ."

பழைய பாவையோடு ஒரு புதுப் பாவையும் அப்போதுதான் பிறந்தது. சீலை உடுத்து, கரியரில் பிள்ளையை இருத்தி, முன்கூடையில் மரக்கறி வைத்துக்கொண்டு போகும் அம்மா. அவளுக்கும் வாய் ஒரு நேர்கோடுதான். இன்று அதிகம் போவது அவள். சில மாதம் கழித்து, கொழும்பு நிறுவனத்து மனிதர் நேரிலேயே சண்டிலிப்பாய்க்கு வந்தார். உதயகலா அவருக்குத் தேத்தண்ணி கொடுத்து உட்கார வைத்துவிட்டு, அன்றைய பாவைகளின் பின்னல்களைச் சுழற்றிப் பார்த்து முடிக்கும் வரை பேச்சைத் தொடங்கவில்லை. பெட்டியில் என்ன பெயர் இருக்கும் என்று அவர் கேட்கவுமில்லை, உதயகலா சொல்லவுமில்லை. அட்டைப் பெட்டியே நன்றாக இருக்கிறது, மாற்ற வேண்டாம் என்று சொல்லி, தன் கடைகளுக்குப் பாவைகள் கேட்டுவிட்டுப் போனார்.

சாருஜா இப்போது பேராதனையில் பொறியியல் படிக்கிறாள். இந்த ஆடி விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். மண்டபத்தின் முகப்புக்குப் பெரிய பெயர்ப்பலகையொன்று எழுதி வந்திருந்தது. வீதிக் கரையில் அதைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். பச்சை நிறத்தில் மஞ்சள் எழுத்து: உதயகலா பாவைப்பிள்ளைகள், சண்டிலிப்பாய். சாருஜா அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுத் தாயாரிடம் வந்தாள். கம்பஸ் விடுதியில் தன் அறையில் முதல் பாவையை வைத்திருப்பதாகவும், வருகிறவர்களுக்கெல்லாம் அது தான்தான் என்று சொல்வதாகவும் சொன்னாள்.

"இப்ப என்ரை பேரை வைச்சாலும் எனக்கு ஒண்டுமில்லை, அம்மா. விருப்பமெண்டால் மாத்துங்கோ."

உதயகலா மகளின் முகத்தைப் பார்த்தார். மகளின் தோளில் கிடந்த நூலொன்றை எடுத்துவிட்டார்.

"உன்ரை பேரை நீ கவனமாய் வைச்சிரு, பிள்ளை. இது என்ரை."

அதற்குள் கேதீஸ்வரனும் தேவமலரின் கணவரும் இரண்டு ஏணிகளில் ஏறி, பலகையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, உயரம் சரியா என்று கேட்டார்கள். வீதி ஓரத்திலிருந்து பார்த்தால் தெரியவில்லை. உதயகலா நடு வீதிக்குப் போனார். வெங்காய மூட்டைகளோடு வந்த லாண்ட்மாஸ்ரர் உழவு இயந்திரம் ஒன்று அவருக்குப் பின்னால் வந்து நின்று இரைந்துகொண்டிருந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, தன் பெயரை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை நிதானமாக வாசித்தார். பிறகு மற்றக் கையை உள்ளங்கை மேலே பார்க்க விரித்து, ஏணியில் நின்றவர்களைப் பார்த்து மெல்ல மெல்ல உயர்த்தினார்.